ஏ.எஃப்.பி.யா, கைப்பிடியா? ஜெர்மன் ரயில் சிமுலேட்டரில் வேகக் கட்டுப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரெயின் சிம் வேர்ல்டு விளையாட்டில் ஜெர்மன் பாதைகளைச் சில ஆண்டுகளாக ஓட்டிவருகிறேன். ஒரு தீபாவளி விடுமுறையில் சித்தப்பா மகனுக்கு அதைக் காட்டியது என் தவறு. அவன் தன் கல்லூரி நண்பர்களுக்குக் காட்டினான். அன்று முதல் வாரத்துக்கு இரண்டு முறையாவது தொலைபேசியில் யாராவது ஒருவர் "அண்ணா, ரயில் நகர மாட்டேன் என்கிறது" என்று ஆரம்பிக்கிறார். சொன்னதையே சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்தது இது. கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். பேச்சுத் தமிழை மட்டும் எழுத்துக்கு மாற்றியிருக்கிறேன்.

அண்ணா, ஏ.எஃப்.பி. என்றால் என்ன?

'ஆட்டோமாட்டிஷே ஃபார் உண்ட் பிரெம்ஸ்ஷ்டாயருங்' என்ற நீண்ட ஜெர்மன் பெயரின் சுருக்கம். தமிழில் சொன்னால், தானாக இழுத்துத் தானாக பிரேக் போடும் கருவி. ஜெர்மானியர்கள் 'ஆ எஃப் பே' என்பார்கள். நாம் ஆங்கில எழுத்தாகவே சொல்லிப் பழகிவிட்டோம்.

கேபினில் வேக எண்கள் பொறித்த ஒரு கைப்பிடி இருக்கும். அதை 120-ல் வைத்தால் ரயில் 120-க்கு ஏறி அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஏற்றம் வந்தால் இழுவையைக் கூட்டும். இறக்கம் வந்தால் பிரேக்கைத் தொடும். கைப்பிடியை 80-க்குக் கொண்டுவந்தால் தானே பிரேக் பிடித்து 80-க்கு இறங்கும். பி.ஆர். 146, பி.ஆர். 185 இன்ஜின்கள் ('பி.ஆர்.' என்றால் ஜெர்மனில் வண்டி வகை), 'டாலன்ட் 2' என்கிற பி.ஆர். 442, ஐ.சி.இ. அதிவேக ரயில்கள் என விளையாட்டில் வரும் நவீன ஜெர்மன் வண்டிகள் பலவற்றில் இது உண்டு.

அப்படியானால் ரயில் தானாகவே ஓடிவிடும். நான் வேடிக்கை பார்த்தால் போதும், இல்லையா?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். ஓடாது. ஏ.எஃப்.பி.க்குக் கை இருக்கிறது, கண் இல்லை. நீங்கள் கொடுத்த எண்ணைத் தவிர வேறு எதுவும் அதற்குத் தெரியாது. எதிரே சிவப்பு சிக்னல் இருப்பதும், அடுத்த வளைவில் 70 கி.மீ.க்கு மேல் போகக்கூடாது என்பதும், பிளாட்பாரத்தில் ஆட்கள் காத்திருப்பதும் அதன் காதில் விழாத செய்திகள். 140-ல் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனால், சிவப்பையும் அதே 140-ல் தாண்டும்.

இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. எல்.இசட்.பி. என்ற தொடர் கட்டுப்பாட்டு முறையைப் பற்றிய கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

ஆனால் சிவப்பு சிக்னலில் ரயில் தானாக நின்றதை நான் பார்த்தேனே?

நிறுத்தியது ஏ.எஃப்.பி. அல்ல, பி.இசட்.பி. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம். பி.இசட்.பி. சிக்னலை மீறாமல் பார்த்துக்கொள்ளும் காவல்காரர். தண்டவாளத்தின் ஓரத்தில் மூன்று வகைக் காந்தங்கள் இருக்கும். முன்னறிவிப்பு சிக்னலில் 1000 ஹெர்ட்ஸ், பிரதான சிக்னலுக்குச் சுமார் 250 மீட்டர் முன்னால் 500 ஹெர்ட்ஸ், சிக்னலின் காலடியில் 2000 ஹெர்ட்ஸ். சிவப்பில் அந்தக் கடைசிக் காந்தத்தைத் தாண்டினால் அந்த நொடியே அவசர பிரேக் விழும்.

முன்னறிவிப்பு சிக்னல் 'அடுத்தது நிற்கும் சிக்னல்' என்று காட்டினால், சில விநாடிகளுக்குள் 'வாக்ஸாம்' (விழிப்பு) பொத்தானை அழுத்த வேண்டும். விசைப்பலகையில் அது பேஜ் டவுன் விசை. அழுத்தினால் மட்டும் போதாது. சாதாரணப் பயணிகள் ரயிலில் 23 விநாடிக்குள் வேகம் 85-க்குக் கீழே வந்திருக்க வேண்டும். வராவிட்டால் காவல்காரர் சங்கிலியை இழுத்துவிடுவார்.

இன்னொன்று: விளையாட்டில் பி.இசட்.பி.யை நீங்களே இயக்கி வைக்காவிட்டால் இந்தக் காவல் எதுவும் கிடையாது. சிவப்பைத் தாண்டியதும் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும்.

நான் புதியவன். முதலில் எதைப் பழகுவது?

கைப்பிடியை. ஏ.எஃப்.பி. இல்லாமல் கையாலேயே ஓட்டுவதைச் சொல்கிறேன். சந்தேகமே வேண்டாம்.

ரயில் ஓட்டுபவர் வேகத்தை இடுப்பால் உணர்கிறார். பிரேக் பிடித்தால் உடம்பு முன்னே சாய்கிறது, விட்டால் இருக்கை முதுகைத் தள்ளுகிறது. நம் நாற்காலிக்கு அந்த வேலையெல்லாம் தெரியாது. நமக்கு இருப்பது முள்ளும் சத்தமும் மட்டும்தான். அதனால் புதிதாக ஓட்டுபவர் முள்ளையே முறைத்துப் பார்த்துக்கொண்டு சிக்னலைக் கோட்டைவிடுகிறார். இதைப் பார்த்துவிட்டு "முதலிலேயே ஏ.எஃப்.பி. போட்டுக்கொள்" என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். அப்படிப் பழகியவர்களுக்கு, ஒரு ரயில் 100-லிருந்து நிற்க எவ்வளவு தூரம் எடுக்கும் என்பது ஆறு மாதம் கழித்தும் தெரிவதில்லை. எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி அவர்களுடையவை.

ஒரு எஸ்-பான் புறநகர் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு நிறுத்தம் வரும். பத்து நிறுத்தம் கையாலேயே ஓட்டுங்கள். முதல் நான்கில் பிளாட்பாரத்தின் நடுவிலேயே நின்றுவிடுவீர்கள், அல்லது தாண்டிப் போவீர்கள். ஏழாவது, எட்டாவதில் பிரேக்கை எப்போது தொட வேண்டும் என்று விரலுக்கே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு ஏ.எஃப்.பி.யைத் தொடுங்கள்.

ஏ.எஃப்.பி.யை 100-ல் வைத்தேன். ரயில் அசையவே இல்லை. கோளாறா?

கோளாறு இல்லை. இழுவைக் கைப்பிடி பூஜ்ஜியத்தில் இருக்கிறது. ஏ.எஃப்.பி. 'எவ்வளவு வேகம்' என்பதைத்தான் கேட்கும். 'எவ்வளவு விசையில்' என்பதை இன்னொரு கைப்பிடி சொல்ல வேண்டும். பாதிப் பேர் இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

அதுவும் சரியாக இருந்தால் இந்த வரிசையில் பாருங்கள்: கதவு மூடியிருக்கிறதா, திசைமாற்றி முன்னே இருக்கிறதா, பிரேக் விடுபட்டிருக்கிறதா, ஏ.எஃப்.பி. உண்மையிலேயே இயங்குகிறதா? சில கேபின்களில் அதற்குத் தனி சுவிட்ச் உண்டு.

இழுவைக் கைப்பிடியை முழுதாகத் தள்ளிவிடலாமா? அதுதான் பார்த்துக்கொள்ளுமே!

அந்தக் கைப்பிடி இப்போது உச்சவரம்பு. 100 சதவீதத்தில் வைத்தால், தேவைப்பட்டால் முழு விசையையும் எடுத்துக்கொள் என்று அனுமதி கொடுத்ததாகப் பொருள். நின்ற ரயில் புறப்படும்போது அது நிச்சயம் எடுத்துக்கொள்ளும். மழையில் சக்கரம் வழுக்கும், பயணிகளின் காபி சட்டையில் கொட்டும். 30, 40 சதவீதத்தில் தொடங்கி 40 கி.மீ. தாண்டிய பிறகு கூட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது முழுதாக விட்டுவைப்பதில் தவறில்லை.

வேகம் குறையும் இடம் வருகிறது. ஏ.எஃப்.பி.யை எப்போது குறைப்பது?

ஜெர்மனியில் முதலில் கூர்முனை கீழ்நோக்கிய ஒரு முக்கோணப் பலகை எண்ணோடு வரும். '8' என்றால் 80 கி.மீ. அது முன்னறிவிப்பு. வேகம் உண்மையில் தொடங்கும் இடத்தில் செவ்வகப் பலகை நிற்கும். முக்கோணத்தைக் கண்டதும் கை போக வேண்டும். செவ்வகத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் அபராதம்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். 140-லிருந்து 80-க்கு இறங்க, விநாடிக்கு விநாடி அரை மீட்டர் வேகம் குறையும் மென்மையான பிரேக்கில் சுமார் 1,020 மீட்டர் ஓடும். கொஞ்சம் இறுக்கிப் பிடித்து 0.7 என்று வைத்தால் 730 மீட்டர். ஏ.எஃப்.பி. பெரும்பாலும் மென்மையாகத் தொடங்கும். அந்த 300 மீட்டர் வித்தியாசம்தான் உங்கள் புள்ளியைத் தின்கிறது.

வேகம் கூடும் இடத்தில் இதற்கு நேர்மாறான தப்பு நடக்கிறது. இன்ஜின் பலகையைத் தாண்டியதும் கைப்பிடியை உயர்த்திவிடுகிறார்கள். கடைசிப் பெட்டி இன்னும் பழைய எல்லைக்குள் இருக்கும். 200 மீட்டர் நீள ரயிலின் வால் 80 கி.மீ. வேகத்தில் ஓர் இடத்தைத் தாண்ட 9 விநாடி ஆகும். ரயிலின் நீளமும் ஏ.எஃப்.பி.க்குத் தெரியாத இன்னொரு விஷயம். நீங்கள்தான் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும்.

பிளாட்பாரத்தில் நிறுத்த ஏ.எஃப்.பி.யைப் பூஜ்ஜியத்துக்கு இழுத்தால் போதாதா?

நிற்கும். எங்கே நிற்கும் என்பதுதான் கேள்வி. பூஜ்ஜியம் என்றால் 'நில்' என்று பொருள். 'எச் பலகைக்குப் பக்கத்தில் நில்' என்று பொருள் இல்லை. எச் பலகை என்பது ரயிலின் முகப்பு நிற்க வேண்டிய இடத்தில் 'எச்' என்று எழுதியிருக்கும் பலகை.

நான் செய்வது இது. பிளாட்பாரத்தின் தொடக்கத்தில் வேகம் 50 அல்லது 60-க்கு வரும்படி ஏ.எஃப்.பி.யைக் குறைத்துவிடுவேன். நுழைந்ததும் இழுவைக் கைப்பிடியைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்து, மீதியைக் கையால் பிடிப்பேன். 20 கி.மீ.க்கு வரும்போது பிரேக்கை ஒரு படி தளர்த்துவேன், 5-ல் இன்னொரு படி. அப்போதுதான் கடைசி நொடியில் தலை ஆடாமல் வண்டி அமரும்.

நான் பிரேக்கைத் தொட்டால் ஏ.எஃப்.பி. சண்டை போடுமா?

சண்டை போடாது. உங்கள் பிரேக்குக்கு இழுவை வழிவிடும். தொல்லை நீங்கள் பிரேக்கை விட்ட பிறகு வருகிறது.

சித்தப்பா மகன் மாதம் ஒருமுறை செய்வது இது. 120-ல் போய்க்கொண்டிருக்கிறான். முன்னே மஞ்சள். ஏ.எஃப்.பி.யை மறந்துவிட்டு பிரேக்கைப் பிடித்து 60-க்கு இறக்குகிறான். 'போதும்' என்று பிரேக்கை விடுகிறான். ஏ.எஃப்.பி. இன்னும் 120-ல்தான் இருக்கிறது. அது கடமை தவறாமல் 120-ஐ நோக்கிப் பாய்கிறது, சிவப்பை நோக்கி. அடுத்து அவன் கேட்பது பி.இசட்.பி.யின் குரல். பிரேக்கைத் தொடும் கையோடு இன்னொரு கை ஏ.எஃப்.பி.யையும் இறக்க வேண்டும், அல்லது இழுவையைப் பூஜ்ஜியமாக்க வேண்டும். இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எல்.இசட்.பி. இருந்தால் எல்லாம் வேறு என்கிறார்களே?

வேறுதான். மேலே விலக்கு என்று சொன்னேனே, அது இதுதான். தண்டவாளத்துக்கு நடுவே ஒரு கம்பி வளையம் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கும். கூர்ந்து பார்த்தால் அதன் இரு கம்பிகளும் 100 மீட்டருக்கு ஒருமுறை இடம் மாறிக் குறுக்காகப் போவது தெரியும். ரயில் தான் எங்கே இருக்கிறது என்று அறிவது அந்தக் குறுக்குகளை எண்ணித்தான். கட்டுப்பாட்டு நிலையம் அந்தக் கம்பி வழியே ரயிலோடு தொடர்ந்து பேசிக்கொண்டிருக்கும்.

கேபினில் மூன்று செய்திகள் வரும்: இப்போது எவ்வளவு வேகத்தில் போகலாம், அடுத்து எந்த வேகத்துக்கு இறங்க வேண்டும், அதற்கு இன்னும் எத்தனை மீட்டர் இருக்கிறது. இந்தச் செய்திகளை ஏ.எஃப்.பி.யும் படிக்கும். நீங்கள் வைத்த எண், எல்.இசட்.பி. அனுமதித்த எண் இரண்டில் எது குறைவோ அதைப் பின்பற்றும். குருடனுக்குக் கண் கிடைத்த கதை. கைப்பிடியை உச்சத்தில் வைத்துவிட்டால் வேகத்தடைகளுக்குத் தானே இறங்கி, தானே ஏறும். 250-லிருந்து இறங்கும் அந்த நீண்ட, ஒரே சீரான பிரேக்கை முதல்முறை பார்த்தபோது நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்படி ஒன்று தேவைப்பட்டதற்குக் காரணம் எளியது. 160 கி.மீ.க்கு மேல் போனால் முன்னறிவிப்பு சிக்னலைப் பார்த்துவிட்டு அதற்கு அடுத்த சிக்னலுக்குள் நிற்க முடியாது. 1965-ல் மியூனிக் நகரில் நடந்த போக்குவரத்துக் கண்காட்சியின்போது ஆக்ஸ்பர்க் வரை இ 03 இன்ஜின்கள் 200 கி.மீ. வேகத்தில் ஓடின. அதற்காகப் போட்டதுதான் எல்.இசட்.பி. விளையாட்டில் இதை அனுபவிக்க கொலோன்–ஆகன் பாதையும், 1991-ல் ஐ.சி.இ. சேவையோடு முழுமையாகத் திறந்த அதிவேகப் பாதையின் காசெல்–வூர்ஸ்பர்க் பகுதியும் நல்ல இடங்கள்.

எல்.இசட்.பி. முடிந்த இடத்தில் காரணமே இல்லாமல் அவசர பிரேக் விழுந்தது. ஏன்?

காரணம் இருக்கிறது. எனக்கும் விழுந்திருக்கிறது.

கொலோனிலிருந்து ஆகன் போகும் ஐ.சி.இ. 3 வண்டி. ஏ.எஃப்.பி. 250-ல். டூரன் நெருங்கும்போது எல்.இசட்.பி. அழகாக 160-க்கு இறக்கிக் கொடுத்தது. 'எண்டே' விளக்கு மினுக்கியது. ஜெர்மனில் 'முடிவு' என்று பொருள். எண்ட் விசையை அழுத்தி ஒப்புக்கொண்டேன். இந்த இரண்டு சொல்லும் ஒத்துப்போவதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி. விளக்கு அணைந்தது. அந்த மகிழ்ச்சியிலேயே தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். முள் 161, 162 என்று நகர்ந்ததை ஓரக்கண்ணில் பார்த்தும் மனத்தில் பதியவில்லை. 165-ல் மணி அலறியது. நடுவழியில், வயல்வெளியில் ரயில் நின்றது.

நடந்தது இதுதான். எல்.இசட்.பி. இருந்தவரை அதன் 160 என் 250-ஐ அடக்கிவைத்திருந்தது. அது போனதும் கண்ணும் போனது. ஏ.எஃப்.பி.க்கு மிஞ்சியது என் பழைய 250 மட்டும். காவல் மீண்டும் பி.இசட்.பி.யின் கைக்கு வந்தது. அதன் உச்சவரம்பு பயணிகள் ரயிலுக்கு 165. ஆகவே 'எண்டே' மினுக்கத் தொடங்கியதும் முதலில் ஏ.எஃப்.பி.யை அடுத்த வேகத்துக்குக் குறையுங்கள், அதற்குப் பிறகு விளக்கை ஒப்புக்கொள்ளுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஏ.எஃப்.பி. இயங்கும்போது சிஃபா பெடலையும் அதுவே பார்த்துக்கொள்ளுமா?

பார்க்காது. ஓட்டுநர் விழித்திருக்கிறாரா என்று சோதிப்பதுதான் சிஃபாவின் வேலை. ஏ.எஃப்.பி. அதற்குப் பதில் சொன்னால் சோதனைக்கே பொருளில்லை. சுமார் 30 விநாடி அசையாமல் இருந்தால் விளக்கு எரியும், இரண்டரை விநாடியில் ஒலி வரும், இன்னும் இரண்டரை விநாடியில் பிரேக். கியூ விசையில் ஒரு விரல் இருக்கட்டும். ஏ.எஃப்.பி.யில் ஓட்டும்போது கைக்கு வேலை குறைவதால் இதை மறப்பதும் அதிகம்.

மஞ்சளைக் கண்டதும் ஏ.எஃப்.பி.யை 80-க்கு இழுத்தேன். ஆனாலும் பி.இசட்.பி. பிடித்துவிட்டது!

மூன்றாவது பதிலில் சொன்ன 23 விநாடியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 140-லிருந்து 23 விநாடிக்குள் 85-க்கு வர, விநாடிக்கு விநாடி 0.66 மீட்டர் வீதம் குறைய வேண்டும். ஏ.எஃப்.பி. அரை மீட்டர் வீதத்தில் சோம்பலாக பிரேக் பிடித்தால் கணக்கு உதைக்கும். கனமான பெட்டிகளை இழுக்கும் இன்ஜின்களில் அடிக்கடி இப்படி நடக்கும். ஏ.எஃப்.பி.யை இழுத்ததோடு நிற்காமல் காற்று பிரேக்கையும் கையால் ஒருமுறை கொடுங்கள். 80 வந்ததும் விட்டுவிடலாம்.

பி.இசட்.பி. 45 கி.மீ.யில் கட்டிப்போட்டுவிட்டது. இப்போது ஏ.எஃப்.பி. உதவுமா?

இங்கேதான் அது தங்கம். கண்காணிப்புக்குள் இருக்கும்போது நின்றுவிட்டால், அல்லது 10 கி.மீ.க்குக் கீழே 15 விநாடி ஊர்ந்தால், 70, 85 என்ற இரு நீல விளக்குகளும் மாறி மாறி மினுக்கும். 1000 ஹெர்ட்ஸ் காந்தத்துக்குப் பிறகு என்றால் எல்லை 45. 500 ஹெர்ட்ஸுக்குப் பிறகு என்றால் 25 மட்டுமே. கையால் ஓட்டினால் 44-க்கும் 46-க்கும் நடுவே உயிர் போகும். ஏ.எஃப்.பி.யை 40-ல், அல்லது 20-ல் வைத்துவிட்டுக் கண்ணை சிக்னலுக்குக் கொடுங்கள்.

சரக்கு ரயிலில் ஏ.எஃப்.பி. போடலாமா?

சமதரையிலும் ஏற்றத்திலும் போடலாம். இறக்கத்தில் நான் நம்புவதில்லை.

சரக்கு ரயிலில் ஏ.எஃப்.பி. முதன்மையாக நாடுவது இன்ஜினின் மின் பிரேக்கை. அதாவது மோட்டாரையே மின்னாக்கியாகத் திருப்பி வேகத்தைத் தின்னவைப்பது. சாக்சனி மாநிலத்தில் டிரெஸ்டன்–கெம்னிட்ஸ் பாதையில் தராண்ட் சரிவு இருக்கிறது. சுமார் 40 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கும். 1,500 டன் ரயிலை அந்தச் சரிவு ஏறத்தாழ 370 கிலோநியூட்டன் விசையோடு கீழே இழுக்கும். ஒற்றை பி.ஆர். 185-ன் மின் பிரேக் அதற்கு ஈடு கொடுக்காது. ஏ.எஃப்.பி.யில் 60 என்று இருக்கும், முள் 62, 65, 68 என்று ஏறிக்கொண்டே போகும். திரையைப் பார்த்துக் கெஞ்சிப் பயனில்லை.

இங்கே பெட்டிகளின் காற்று பிரேக்கை நம்ப வேண்டும். அதன் குணம் வேறு. பிரேக் குழாயில் 5 பார் அழுத்தம் இருக்கும், அதை 4.5 அளவுக்கு இறக்கினால் முன்பெட்டி முதலிலும் கடைசிப் பெட்டி தாமதமாகவும் பிடிக்கும். விட்டால் விடுபடவும் நேரம் எடுக்கும். அவசரப்பட்டுத் திரும்பத் திரும்பப் பிடித்து விட்டால் பெட்டிகளின் காற்றுத் தொட்டி நிரம்ப நேரம் கிடைக்காமல் பிரேக்கே இளைத்துப்போகும். சரிவு தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, காற்று பிரேக்கை லேசாகப் பிடித்துவைத்து, மிச்சத்தை மின் பிரேக்கால் கூட்டிக் குறைத்து இறங்குவதுதான் வழி. எனக்கு இந்த விளையாட்டிலேயே மிகவும் பிடித்த அரைமணி நேரம் அது.

எல்லா ரயிலிலும் இது உண்டா?

இல்லை. பழைய பி.ஆர். 155 சரக்கு இன்ஜினில் கிடையாது. படிப்படியாக இழுவையை ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும். வேறு நாட்டுப் பாதைகளுக்குப் போனால் ஏ.டி.சி. (ஆட்டோமேட்டிக் டிரெயின் கன்ட்ரோல்) என்ற பெயர் கண்ணில் படும். நியூயார்க்கின் லாங் ஐலண்ட் பாதையில் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது வேகத்தை மீறினால் தண்டிப்பதற்கு.

நம் ஊர் இன்ஜின்களில் இப்படி ஏதாவது இருக்கிறதா?

ரயில் ரசிகர்கள் 'வாப்-7' என்று அழைக்கும் இன்ஜினிலும், சரக்குக்கான 'வாக்-9' இன்ஜினிலும் நிலை வேகப் பொத்தான் ஒன்று உண்டு. அழுத்தும்போது என்ன வேகத்தில் போகிறதோ அதையே பிடித்துக்கொள்ளும். ஏ.எஃப்.பி. போல எண்ணைக் குறித்துக் கொடுக்கும் கைப்பிடி இல்லை. புதிதாகப் பொருத்திவரும் 'கவச்' வேறு வகை. லோகோ பைலட் கவனிக்கத் தவறினால் பிரேக் போடும் காவல். பி.இசட்.பி., எல்.இசட்.பி. குடும்பத்தோடுதான் அதைச் சேர்க்க வேண்டும்.

பல மெட்ரோ ரயில்களில் இருப்பதோ இவை இரண்டையும் தாண்டியது. புறப்படுவதிலிருந்து பிளாட்பாரத்தில் சரியான இடத்தில் நிற்பது வரை அதுவே செய்யும். லண்டனின் விக்டோரியா பாதை 1968-ல் திறந்தபோதே அப்படித்தான். ஓட்டுநர் கதவை மூடிப் பொத்தானை அழுத்தினால் போதும்.

ஏ.எஃப்.பி. போட்டால் புள்ளி குறையுமா? ஏமாற்று வேலை என்று நண்பன் கேலி செய்கிறான்.

அதற்கென்று தனியாகப் புள்ளி குறைந்து நான் பார்த்ததில்லை. ஏமாற்று வேலையும் இல்லை, ஐ.சி.இ. ஓட்டுநர்களுக்கு அது அன்றாடக் கருவி. உங்கள் நண்பர் 280 கி.மீ. வேகத்தில் ஒரு மணி நேரம் கையால் முள்ளைப் பிடித்துவைத்துக் காட்டட்டும், பிறகு பேசுவோம்.

அப்படியானால் கையால் ஓட்டுவதில் என்னதான் லாபம்?

ஏ.எஃப்.பி.க்குச் சும்மா இருக்கத் தெரியாது. 120 என்றால் அடுத்த ஸ்டேஷனுக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போதும் 120-ஐக் காப்பாற்ற மின்சாரத்தைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். கையால் ஓட்டுபவர் அதற்கு வெகு முன்பே இழுவையை விட்டுவிடுவார். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. ரயில் சத்தமே இல்லாமல் மிதந்து போகும். எஸ்-பான் ஓட்டும்போது மோட்டார் ஓசை அடங்கி, தண்டவாள இணைப்புகளின் தடதடப்பு மட்டும் கேட்கும் அந்த இடைவெளிக்காகவே நான் கையால் ஓட்டுகிறேன். தாமதமாகிவிட்டால் மட்டும் இந்த ஆடம்பரம் கூடாது.

கடைசியாக, நீங்கள் எதில்தான் ஓட்டுகிறீர்கள் அண்ணா?

கொலோனிலிருந்து டூரன் வரை ஏ.எஃப்.பி. 'எண்டே' மினுக்கியதும் கைப்பிடி 160-க்கு; பாட்டில் அதுவரை மேசைக்குக் கீழே. அங்கிருந்து பெரும்பாலும் கையால். ஆகன் நிலையத்துக்குள் நுழைவது எப்போதும் கையால்தான். போன வாரம் மழையில் எச் பலகையை மூன்று மீட்டர் தாண்டிவிட்டேன். கதவு திறந்தது. சித்தப்பா மகனிடம் மூச்சு விடவில்லை.